டெரிடரிக்குத் தமிழில் என்ன சொல்? முன்மாநிலம் என்று ஒரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு,

அமெரிக்கக் குடியரசின் முதல் எழுபது எண்பது ஆண்டுகளைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் திரும்பத் திரும்ப இடறும் சொல் 'டெரிடரி' (territory), அதாவது குடியரசின் கீழ் இருந்தும் இன்னும் மாநிலமாகாத நிலம். ஓஹையோ, இந்தியானா, மிச்சிகன் என்று இன்று மாநிலங்களாக இருப்பவற்றில் பல முதலில் டெரிடரியாக இருந்தவைதான். இந்த இழையில் இதுவரை ஆட்சிப்பகுதி, ஒன்றியப் பகுதி, ஆள்புலம் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றும் நல்ல தமிழ். ஆனால் மூன்றும் இந்த இடத்துக்குப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1783 பாரிஸ் உடன்படிக்கையில் மிசிசிப்பி ஆறு வரையிலான நிலத்தைப் பிரிட்டன் விட்டுக்கொடுத்தது. அதில் ஓஹையோ ஆற்றுக்கு வடக்கே உள்ள பகுதியை எப்படி ஆள்வது என்று 1787 ஜூலை 13 அன்று காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், ஒரு சட்டம் போட்டது. அதன்படி முதலில் ஓர் ஆளுநர், ஒரு செயலர், மூன்று நீதிபதிகள். எல்லோரும் மேலிருந்து நியமிக்கப்படுபவர்கள்; அங்கே குடியிருப்பவர்களுக்கு வாக்கு கிடையாது. வயதுவந்த சுதந்திர ஆண்கள் 5,000 பேர் சேர்ந்ததும் ஒரு சட்டமன்றமும், காங்கிரஸில் பேசலாம் ஆனால் வாக்களிக்க முடியாது என்ற நிலையில் ஒரு பிரதிநிதியும் கிடைப்பார்கள். சுதந்திரக் குடிகள் 60,000 பேர் ஆனதும் அது மாநிலமாகலாம். அதுவும் பழைய 13 மாநிலங்களுக்கு எந்த வகையிலும் குறையாத மாநிலமாக.

இந்தக் கடைசிப் படிதான் விஷயமே. பிரிட்டனின் குடியேற்ற நாடுகளாக இருந்து, போரிட்டு விடுபட்டவர்கள், தாங்கள் பிடிக்கும் புது நிலத்தை என்றைக்கும் குடியேற்ற நாடாகவே வைத்திருக்கப் போவதில்லை என்று எழுதிவைத்தார்கள். ஆகவே டெரிடரி என்பது ஒரு காத்திருப்பு நிலை. 'ஒன்றியப் பகுதி', அதாவது நம் யூனியன் பிரதேசம், இதைச் சொல்லாது. கோவா 1987இல் மாநிலமானது உண்மைதான். ஆனால் இத்தனை பேர் சேர்ந்தால் மாநிலம் என்ற விதி நம் அரசியலமைப்பில் இல்லை. சண்டிகரோ லட்சத்தீவோ மாநிலமாவதற்காகக் காத்திருக்கவில்லை. 'ஆட்சிப்பகுதி' என்பதை எந்த நிலத்துக்கும் சொல்லலாம்.

சரி, ஆள்புலம்? இலங்கைச் சட்டத் தமிழில் வேரூன்றிய சொல் அது, எனக்கும் பிடித்த சொல். ஆனால் ஓர் அரசு உண்மையில் ஆளும் நிலம் என்ற உறுதி அதில் இருக்கிறது. ஓஹையோவுக்கு வடக்கே அப்போது யார் ஆண்டார்கள்?

1791 நவம்பர் 4, விடியற்காலை. வபாஷ் ஆற்றின் மேல்பகுதியில், இன்று ஃபோர்ட் ரெக்கவரி என்ற ஊர் இருக்கும் இடத்தில், ஏறத்தாழ 1,400 பேர் கொண்ட அமெரிக்கப் படை பாசறை போட்டிருந்தது. தலைமை ஆர்தர் செயின்ட் கிளேர். ஓஹையோவுக்கு வடக்கே உள்ள அந்த நிலத்தின், அதாவது வடமேற்கு டெரிடரியின், ஆளுநரும் அவர்தான். கீல்வாதத்தால் அவருக்கு நடப்பதே சிரமம். கென்டக்கியிலிருந்து வந்த குடிமக்கள் படை மட்டும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தங்கியிருந்தது. அங்கே வாழ்ந்த முதற்குடிகளில் மயாமி மக்களின் தலைவர் லிட்டில் டர்ட்டிலும் ஷானி மக்களின் தலைவர் புளூ ஜாக்கெட்டும் திரட்டிய போராளிகள் முதலில் அவர்கள் மேல்தான் பாய்ந்தார்கள். கென்டக்கிப் படையினர் ஆற்றைத் தாண்டி ஓடிவந்து, அணிவகுத்துக்கொண்டிருந்த நிலைப்படைக்குள்ளேயே புகுந்து வரிசையைக் கலைத்துவிட்டார்கள். பீரங்கிகள் அருகே நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சுடப்பட்டு விழுந்தார்கள். சில மணி நேரத்தில் 600க்கும் மேற்பட்ட படைவீரர்கள் செத்தார்கள். 1876இல் லிட்டில் பிக்ஹார்னில் கஸ்டர் தோற்ற போரை எல்லோருக்கும் தெரியும். அங்கே செத்தவர்களைப் போல இது இரண்டு மடங்குக்கும் மேல். தன் டெரிடரிக்குள்ளேயே தன் படையைக் காப்பாற்ற முடியாத ஆளுநர்! அந்த நிலத்தை நாம் ஆள்புலம் என்று எழுதினால், வரைபடத்தில் கோடு போட்டவர்கள் சொன்னதை அப்படியே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

(அந்தக் கென்டக்கிப் படைக்கு, அதாவது 'மிலிஷியா'வுக்கு, நம் பழைய உரைகள் சொல்லும் அறுவகைப் படையில் வரும் 'நாட்டுப்படை' என்ற சொல்லே போதும். புதிதாக எதுவும் தேட வேண்டாம். நிலைப்படைக்கு 'மூலப்படை' ஒத்துவராது. அது வழிவழியாக வருவது, இது சம்பளத்துக்குச் சேர்ந்தது.)

அப்புறம் வாஷிங்டன் ஆன்டனி வெய்னிடம் பொறுப்பைக் கொடுத்தார். அவர் அவசரப்படாமல் புதுப் படைக்குப் பயிற்சி கொடுத்து, 1794 ஆகஸ்ட் 20இல் ஃபாலன் டிம்பர்ஸ் என்ற இடத்தில் வென்றார். தோற்ற போராளிகள் பக்கத்திலிருந்த பிரிட்டிஷ் கோட்டைக்கு ஓடினார்கள். கோட்டைக் கதவு திறக்கவே இல்லை. அடுத்த ஆண்டு கிரீன்வில் உடன்படிக்கையில் இன்றைய ஓஹையோவின் பெரும்பகுதி கைமாறியது. 1803இல் ஓஹையோ மாநிலமானது. ஓஹையோ மாநிலமாவதைக் கடைசிவரை எதிர்த்தவர் அதே செயின்ட் கிளேர். குடியரசுத் தலைவர் ஜெபர்சன் 1802இல் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்.

ஆகவே என் பரிந்துரை: முன்மாநிலம். ஓஹையோ மட்டுமல்ல, நியூ மெக்சிகோவையும் இந்தச் சொல் தாங்கும். அது 1850 முதல் 1912 வரை 62 ஆண்டுகள் முன்மாநிலமாகவே காத்துக்கிடந்தது. டெக்சாஸ் முன்மாநிலமாக இருந்ததே இல்லை, தனிக் குடியரசாக இருந்து 1845இல் நேரே மாநிலமானது. இப்படி ஒரு வரியில் எழுத முடிகிறதா என்றுதான் நான் பார்க்கிறேன்.

'முன்னாள் மாநிலம்' என்று குழம்பாதா என்று ஓர் ஐயா தனிமடலில் கேட்டார். முன்பணம் என்பதை யாரும் பழைய பணம் என்று படிப்பதில்லை ஐயா.

அன்புடன்.

—

மறுமொழி

> முன்மாநிலம் என்று சொன்னால், அந்த நிலம் மாநிலமாவதற்கென்றே கிடந்தது போல ஆகிவிடாதா? ஷானி மக்களுக்கு அது அவர்கள் ஊர். ஆள்புலத்துக்கு நீங்கள் சொன்ன குறையை உங்கள் சொல்லுக்கும் சொல்லலாமே. அப்புறம் போர்ட்டோ ரிக்கோவை என்ன செய்வீர்கள்?

அம்மா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி.

போர்ட்டோ ரிக்கோ எளிது. 1898 போரில் ஸ்பெயினிடமிருந்து வந்தது, இன்றுவரை மாநிலமாகவில்லை, ஆகும் என்று சட்டம் எதுவும் சொல்லவுமில்லை. குவாமும் அப்படியே. அவற்றுக்கு ஆள்புலம் சரியாகப் பொருந்தும். அங்கே அமெரிக்காவின் ஆட்சி வெறும் காகிதத்தில் இல்லை. மூலத்தில் ஒரே சொல் இருக்கிறது என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல்லை வைத்துக் கஷ்டப்பட வேண்டியதில்லை.

முதல் கேள்விதான் கனமானது. முன்மாநிலம் என்பது குடியரசின் சட்டத்தில் அந்த நிலத்துக்கு இருந்த தகுதியின் பெயர், அவ்வளவுதான். நிலத்தின் பெயராக அதை நான் எழுத மாட்டேன். 1791இல் படை எங்கே போனது என்று எழுதும்போது 'மயாமி, ஷானி நாடுகளுக்குள்' என்றுதான் எழுத வேண்டும். அந்த 1787 சட்டமே முதற்குடிகளின் நிலத்தை அவர்கள் இசைவில்லாமல் எடுக்கக்கூடாது என்று சொல்கிறது. நிலத்துக்கு உரியவர்கள் யார் என்று சட்டம் போட்டவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

ஆனால் உங்கள் கேள்வி 'இந்தியன் டெரிடரி'க்கு முழுக்கப் பொருந்தும்; அதை முன்மாநிலம் என்று சொல்லக் கூடாது. முதற்குடிகளை இடம்பெயர்க்க வந்த 1830 சட்டத்துக்குப் பிறகு செரோக்கி, சாக்டா, கிரீக் மக்களைத் தென்கிழக்கிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் விட்ட இடம் அது. 1905இல் அங்கிருந்தவர்களே மஸ்கோகியில் கூடி, செக்கோயா என்ற பெயரில் தனி மாநிலம் கேட்டு அரசியலமைப்புச் சட்டம் எழுதினார்கள். காங்கிரஸ் ஏற்கவில்லை. அவர்கள் மாநிலமாகத் தயாராக நின்றபோது தராமல், பக்கத்து நிலத்தோடு சேர்த்துவிட்டார்கள். அதை முன்மாநிலம் என்று எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். சிறப்புப் பெயராகவே, இந்தியன் டெரிடரி என்றே விட்டுவிடுவோம்.

இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் எப்படி இருக்கிறது என்று எழுதிப் பார்த்தேன்: "ஒக்லஹோமா முன்மாநிலமும் இந்தியன் டெரிடரியும் 1907 நவம்பர் 16 அன்று ஒக்லஹோமா என்ற ஒரே மாநிலமாக்கப்பட்டன." எனக்கு இடறவில்லை. உங்களுக்கு இடறினால் எந்த இடத்தில் என்று எழுதுங்கள் அம்மா, அடுத்த வாரம் தொகுப்பில் சேர்ப்பதற்குள் மாற்றிவிடலாம்.