தமாக்சிஃபெனை நிறுத்திவிட்டுப் பாசிப்பொடியா?

கீழக்கரைவாசி:
உம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், ஹார்மோன் பாசிட்டிவ் (ஹார்மோனால் வளரும் வகை), ஹெர்2 நெகட்டிவ் (ஹெர்2 என்ற புரதம் மிகாதது). ஆபரேஷன், கீமோ, கரண்டு (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்து, ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையான தமாக்சிஃபென் 20 மி.கி. நாலாவது வருஷமாக ஓடுகிறது. மிச்சமுள்ள செல்லை எதிர்ப்புசக்தியே அமுக்கிவிடும், மாத்திரையை விட்டுட்டு பாசிப்பொடி (கடற்பாசியை அரைத்த பொடி) குடி என்கிறார்கள். எதிர்ப்புசக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி ஊசி போட்டால் அடியோடு போகாதா? நோன்பும் நெருங்குகிறது.

மஜ்ஜை:
பாதி உண்மை தம்பி. அமெரிக்க நோயெதிர்ப்பு ஆய்வாளர் ராபர்ட் ஷ்ரைபர் குழு 2007-ல் எலிகளில் காட்டியதே அதுதான்: கட்டி வளராமல் அடங்கிக் கிடந்த எலிகளில் டி செல்களையும் (நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள்) இன்டர்ஃபெரான் காமா என்ற எதிர்ப்புப் புரதத்தையும் முடக்கியதும் கட்டி கிளம்பியது. மனிதரிலும் சான்று உண்டு. மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து 16 வருஷம் ஆன ஒருவரின் சிறுநீரகங்களைப் பெற்ற இருவருக்கும் அதே மெலனோமா வந்ததாக 2003-ல் பதிவாகியிருக்கிறது. மாற்று உறுப்புக்காக அவர்களுடைய எதிர்ப்பாற்றல் மருந்தால் அடக்கப்பட்டிருந்தது.

மீதிப் பாதியைத்தான் ஊரில் சொல்வதில்லை. எலும்பு மஜ்ஜையில் பெருகாமலே உறங்கும் புற்றுசெல்கள் உண்டு. பெருகும் செல்லையே குறிவைக்கும் கீமோவுக்கு அவை தப்பும். அடையாளப் புரதத்தைக் குறைத்துக் காட்டினால் டி செல் கண்ணிலும் படாது. உம்மாவின் வகையில் அவற்றை எழுப்பிவிடக்கூடியது பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன். தமாக்சிஃபென் அடைப்பது அந்த வழியை. பொடி அதை அடைக்காது.

5 வருஷ ஹார்மோன் மாத்திரையை முடித்தவர்களிலேயே, 20ஆம் வருஷத்துக்குள் வேறு உறுப்பில் நோய் திரும்பும் ஆபத்து, கட்டியின் அளவையும் நோய் பரவிய நெறிகட்டியையும் (நிணநீர் முடிச்சு) பொறுத்து 10 முதல் 41 சதவீதம் என்றது 2017 ஆய்வு. பாதியில் நிறுத்துவது பற்றிப் பேசவே வேண்டாம். மாத்திரை 5 வருஷமா 10 வருஷமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

நீங்கள் கேட்ட இம்யூனோதெரபியில் ஒன்றான பெம்ப்ரோலிசுமாப் ஊசி டி செல்லின் பிரேக்கை எடுத்துவிடும், அவ்வளவே. மார்பகத்தில் அது டிரிபிள் நெகட்டிவ் (ஹார்மோனும் ஹெர்2-வும் நெகட்டிவ்) வகைக்குத்தான் வழக்கம். பிரேக் போனால் டி செல் நம் குடல், நுரையீரல், தைராய்டையும் தாக்கலாம்.

பாம்பன் மருந்தாளுநர்:
நோன்புக்குச் சிக்கலே இல்லை. தினம் ஒரு வேளை மாத்திரைதானே, ஸஹரிலோ நோன்பு திறந்த பிறகோ ஒரே நேரமாக வைத்துக்கொள்ளட்டும். இஃப்தாருக்குச் செய்யும் கடல்பாசி (அகர் அகர் இனிப்பு) தாராளமாகச் சாப்பிடலாம். கட்டக்கோரை மாதிரிப் பழுப்புப் பாசியின் பொடிதான் வம்பு: அயோடின் ஏறித் தைராய்டு கெடலாம்.

மனச்சோர்வுக்கு ஃப்ளூயோக்செடின், பராக்செடின் எழுதினால் தமாக்சிஃபென் ஓடுவதைச் சொல்லுங்கள். அவை அதன் வேலையைக் குறைக்கும். மாதவிடாய் நின்ற பின் ரத்தப்போக்கு, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

மஜ்ஜை:
ராத்திரியிலும் விடாத முதுகுவலி வாரக்கணக்கில் நீடித்தால் தைலத்தோடு நிறுத்தாமல், நோய் எலும்பில் திரும்பியதா என்று பார்க்க ஸ்கேன் கேளுங்கள். கால் மரத்தாலோ சிறுநீர் அடைத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.