கராச்சி போய்வந்த நெருப்புக்காய்ச்சல் (டைபொயிட்): எங்கள் வீட்டு அனுபவம், உங்களுடையதையும் எழுதுங்கள்

பொகவந்தலாவையிலிருந்து:

என் மாமா மகன் கராச்சியில் ஒரு கார்மென்ட்ஸில் சூப்பர்வைசர். சித்திரை வருசத்துக்கு லீவில் வந்தவன், அடுத்த கிழமையே காய்ச்சலில் விழுந்தான். முதலில் தலையிடியும் உடம்பு அலுப்பும்தான். அப்புறம் ஒவ்வொரு நாள் பின்னேரமும் காய்ச்சல் முந்தின நாளைவிட ஒரு படி கூட ஏறியது. வரட்டு இருமலும் இருந்ததால், இங்கத்தைய குளிர் ஒத்துவரவில்லை என்று தோட்ட லயத்தில் பேசிக்கொண்டார்கள். அத்தை கொத்தமல்லி அவித்துக் கொடுத்துப் பார்த்தார். நாக்கின் நடுவில் வெள்ளை படிந்து ஓரம் மட்டும் சிவந்திருந்தது. கஞ்சிக் கோப்பையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

டவுனில் ஒரு கிளினிக்கில் சிப்ரோஃப்ளொக்சசின் கொடுத்தார்கள், கேட்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் வார்டில் சேர்த்து, இரத்தம் எடுத்துவிட்டு, செஃப்ட்ரியாக்சோன் ஊசி தொடங்கினார்கள். நெருப்புக்காய்ச்சலுக்கு வழக்கமாகக் கொடுப்பதுதான். கிட்டத்தட்ட ஒரு கிழமை போயும் காய்ச்சல் 103-ஐ விட்டு இறங்கவில்லை.

ரவுண்ட் வந்த பெரிய டொக்டர்தான், "தம்பி, கடைசியாக எந்த ஊரில் இருந்தீங்க?" என்று கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. கராச்சி என்றதும் நேரே லேபுக்கு போன் எடுத்தார். அன்றைக்கே வந்த ரிப்போர்ட்டை எனக்கும் காட்டினார்: மருந்துப் பெயர்களுக்கு எதிரே வரிசையாக 'ஆர்', 'ஆர்' என்று, அதாவது அந்த மருந்து கேட்காது. கேட்கும் என்பதற்கான 'எஸ்' இரண்டே இடத்தில்தான், அசித்ரோமைசினுக்கும் மெரோபெனெமுக்கும்.

2016 நவம்பரிலிருந்து பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், ஹைதராபாத்தில் தொடங்கிப் பரவிய கிருமி இது என்று விளக்கினார். பழைய மருந்துகளுக்கு ஏற்கெனவே அடங்காத நெருப்புக்காய்ச்சல் கிருமி (சல்மொனெல்லா டைஃபி), ஈ-கோலை போன்ற வேறொரு குடல் கிருமியிடமிருந்து எதிர்ப்பு மரபணுக்களையும் வாங்கிக்கொண்டதால் செஃப்ட்ரியாக்சோனையும் தாண்டிவிட்டதாம். அங்கே போய்வந்தவர்களோடு பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும்கூட அது போயிருக்கிறது. மருந்தை மாற்றி நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. அத்தை அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

நுவரெலியாவிலிருந்து, ஓய்வுபெற்ற நர்ஸ்:

தம்பி, அந்த ரிப்போர்ட் கிடைத்ததே பெரிய காரியம். முன்னமே அன்டிபயோடிக் உள்ளே போயிருந்தால் இரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் போத்தலில் பல நேரம் கிருமி வளராது. கிளினிக் மாத்திரைக்குக் கிருமி அடங்காததால்தான் வளர்ந்திருக்கிறது. வைடால் டெஸ்ட் என்கிற பழைய இரத்தப் பரிசோதனை ஒன்றை மட்டும் வைத்து மருந்து எழுதுவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். பிழையாகவும் காட்டும், எந்த மருந்து கேட்கும் என்றும் சொல்லாது. பாமசியில் நாலு மாத்திரை உதிரியாக வாங்கி விழுங்கிவிட்டு வார்டுக்கு வந்தவர்களை நிறையப் பார்த்தேன்.

மஸ்கெலியாவிலிருந்து:

எங்கள் தோட்டத்தில் சாதாரண நெருப்புக்காய்ச்சல் ஒன்று வந்தபோதே பீ.எச்.ஐ. (சுகாதாரப் பரிசோதகர்) ஐயா வந்து நாங்கள் குடிக்கிற பீலித் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போனார். பீலிக்கு மேலே மலைச்சரிவில் கக்கூஸ் குழி. மழை பெய்தால் எங்கே வடியும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு லயத்துக்கே ஒரே பீலி. இப்படிப்பட்ட கிருமி இங்கே இறங்கினால் ஒரு வீட்டோடு நிற்குமா? கொதிக்கவைத்துக் குடி என்று எங்களுக்குச் சொல்வது சரி. குழாயும் குழியும் போட்டுத் தருவது யார்?

பதுளையிலிருந்து:

என் தங்கச்சி மாப்பிள்ளை அடுத்த மாதம் லாகூர் போகிறார். இதுக்குத் தடுப்பூசி இருக்கிறதா அக்கா?

நுவரெலியாவிலிருந்து:

இருக்கிறது மகள். கிருமியின் மேலுறைச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்துச் செய்த, புதிய கொஞ்சுகேட் வகை ஒரே ஊசி. பாகிஸ்தான் 2019-இலேயே பிள்ளைகளுக்கான வழக்கமான தடுப்பூசியில் அதைச் சேர்த்துவிட்டது. எங்கே போடலாம் என்று எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசில் கேளுங்கள். பயணத்துக்கு இரண்டு கிழமையாவது முந்திப் போடவேண்டும். போட்டாலும் முழுப் பாதுகாப்பு இல்லை, அங்கே ஐஸும் வெட்டிவைத்த பழமும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வந்தபிறகு காய்ச்சல் வந்தால் டொக்டரிடம் முதல் வார்த்தையே லாகூராக இருக்கட்டும்.

பொகவந்தலாவையிலிருந்து:

நன்றி அக்கா. சுகமான பிறகும் பித்தப்பையில் கிருமி தங்கலாம் என்று அவனுக்கு மலப் பரிசோதனை எழுதியிருக்கிறார்கள். அது சுத்தமாக வரும்வரை அவன் குசினிப் பக்கம் வருவதில்லை.