ரிவர்சிங் வால்வு: 'திருப்பு வால்வு' வேண்டாம், 'வழிமாற்றி' போதும்

ஐயா, வணக்கம்.

வடசென்னை மெக்கானிக்குகளுக்கான ஹீட் பம்ப் (குளிரும் சூடும் தரும் ஏசி) கையேட்டில், அந்த இரண்டுக்கும் இடையே மாற்றித் தரும் ரிவர்சிங் வால்வைத் 'திருப்பு வால்வு' என்று போடலாம் என எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெயரைப் படிக்கிற பையன், கம்ப்ரசரே எதிர்ப்பக்கம் தள்ளுகிறது என்று நினைத்துக்கொள்வான். டிஸ்சார்ஜ் வாயு, அதாவது கம்ப்ரசர் தள்ளும் சூடான உயர் அழுத்த வாயு, எந்நேரமும் தனியாக இருக்கும் ஒற்றைக் குழாய் வழியாகத்தான் வால்வுக்குள் வருகிறது. எதிர்ப்பக்க மூன்று குழாய்களில் நடுக்குழாய் என்றைக்கும் வாயு கம்ப்ரசருக்குத் திரும்பும் சக்‌ஷனுக்குத்தான். ஓரத்துக் குழாய்கள் இரண்டும் மட்டுமே முறை மாற்றிக்கொள்கின்றன. ஒன்று அறைக்குள் இருக்கும் குழாய்ச்சுருளான உள் காயிலுக்குப் போவது, மற்றது வெளியே இருக்கும் வெளிக் காயிலுக்குப் போவது. பேசின் பிரிட்ஜில் கும்மிடிப்பூண்டி வண்டிக்கும் அரக்கோணம் வண்டிக்கும் தண்டவாளப் பாயின்டைத்தான் மாற்றுகிறார்கள். எஞ்சின் பின்னால் ஓடுவதில்லை. ஆகவே 'வழிமாற்றி' என்பதே என் பரிந்துரை. 'திசைமாற்று வால்வு' என்றால் ஹைட்ராலிக்ஸ்காரர்கள் வேறொன்றை நினைப்பார்கள்.

உள்ளுறுப்புகளுக்கும் சேர்த்தே பெயர் வைப்போம். உள்ளே நகரும் துண்டு 'நகர்கட்டை'. வால்வின் மின்காயில் இதை நேரடியாக இழுப்பதில்லை. மேலே ஒட்டியிருக்கும் சிறு பைலட் வால்வைத்தான் இழுக்கிறது; அதை 'ஏவல் வால்வு' எனலாம். அது ஒரு முனையின் அழுத்தத்தை நுண்குழாய் வழியே சக்‌ஷனுக்கு வடியவிட, மறுமுனையின் உயர் அழுத்தம் கட்டையைத் தள்ளிவிடுகிறது. கேஸ் குறைந்தால் தள்ளுவதற்கு அழுத்த வேறுபாடு போதாது. கட்டை நடுவில் நின்று, டிஸ்சார்ஜ் நேரே சக்‌ஷனில் கலக்கும். இதற்கு 'நடுநிற்பு' என்று வைக்கலாம். நடுநிற்பைக் கண்டதும் வால்வை வெட்டி எடுக்கக் கூடாது, முதலில் கேஸ் அளவைப் பார்க்க வேண்டும் என்று கையேட்டின் அந்தச் சொல் பதிவிலேயே எழுதிவிட வேண்டும்.

---

வழிமாற்றி எனக்கும் சம்மதம், நண்பரே. ஆனால் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் கடையில் போய்க் கேட்பது 'ஃபோர் வே வால்வு' என்றுதான். பதிவின் முதல் வரியில் அதுவும் இருக்கட்டும்.

இன்னொரு சொல் அவசியம் வேண்டும்: மின்காயிலுக்குக் கரண்ட் இல்லாதபோது வால்வு இருக்கும் நிலை. 'இயல்நிலை' என்கிறேன். நம்மிடம் வரும் ஹாட் அண்ட் கோல்ட் ஸ்பிளிட்களில் பெரும்பாலும் இயல்நிலை குளிர்ச்சி. ராயபுரம், காசிமேடு பக்கம் உப்புக்காற்றில் காயில் டெர்மினல் பச்சை பூத்து அறுந்துபோனாலும் குளிர்ச்சி ஓடிக்கொண்டே இருக்கும். பழுது இருப்பதே தெரியாது. இயல்நிலை சூடாக உள்ள மெஷினில் அதே காயில் போனால் மே மாதத்தில் அறைக்குள் அனல் வீசும். ஒரே பழுது, நேரெதிர் புகார். இதைப் புரிய வைக்காத கையேடு உதவாது.

காயில் சோதனை எளிது. வோல்டேஜ் வருகிறதா பாருங்கள். வந்தால் ஸ்க்ரூடிரைவர் முனையைக் காயிலின் தலையில் வையுங்கள், இழுக்க வேண்டும். கரண்ட் இருக்கும்போது காயிலைத் தண்டிலிருந்து கழற்றிவிடாதீர்கள், சில நிமிடங்களில் எரிந்துவிடும்.

'உட்கசிவு', அதாவது வால்வுக்குள்ளேயே சூடான வாயு நடுக்குழாய்க்குக் கசிவது, பற்றி விரிவாக எழுத வேண்டும். சக்‌ஷன் அழுத்தம் ஏறி, டிஸ்சார்ஜ் இறங்கியிருந்தால் பலரும் கம்ப்ரசரை மாற்றிவிடுகிறார்கள், வீண் செலவு. குளிர்ச்சியில் ஓடவிட்டு, உள் காயிலிலிருந்து வால்வுக்கு வரும் குழாயின் வெப்பத்தையும் நடுக்குழாயின் வெப்பத்தையும் வால்விலிருந்து 12 செ.மீ. தள்ளி அளக்க வேண்டும். நடுக்குழாய் மற்றதைவிட 3 டிகிரி செல்சியஸுக்கு மேல் கூடுதல் சூடாக இருந்தால் உள்ளே சூடான வாயு கசிகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்தான் கம்ப்ரசர் மீது சந்தேகம் வர வேண்டும்.

---

இயல்நிலை, உட்கசிவு இரண்டையும் ஏற்கிறேன்.

வால்வை மாற்றும் முறையில் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும்: நகர்கட்டை பிளாஸ்டிக் வகை. பிரேசிங் (தீயால் குழாய் ஒட்டும்) சூட்டில் வால்வு உடல் 120 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் புதிய வால்வு மாட்டும்போதே கெட்டுவிடும். ஈரத்துணியைச் சுற்றி, தீயை உடலுக்கு எதிர்ப்புறம் சாய்த்து, குழாய்க்குள் நைட்ரஜனை மெல்ல ஓடவிட்டு ஒட்ட வேண்டும். அதற்கு முன் கேஸ் முழுவதையும் சிலிண்டரில் மீட்டிருக்க வேண்டும். ஆர் 32 என்ற கேஸ் தீப்பற்றும். உடல் படுக்கையாகவே அமர வேண்டும். நிமிர்த்தி வைத்தால் கட்டை தன் எடையிலேயே சரியும். சிக்கிய கட்டையைத் தளர்த்த இரும்புச் சுத்தியல் கூடாது, உடல் நெளிந்தால் கட்டை மறுபடி நகராது. பிறகு புது டிரையர் (ஈரம் உறிஞ்சும் வடிகட்டி), நைட்ரஜன் அழுத்தத்தில் கசிவுச் சோதனை, 500 மைக்ரானுக்குக் கீழே வேக்கம் (காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்குவது), பெயர்ப்பலகையில் உள்ள எடைக்கு கேஸ்.

'நடுநிற்பு' மட்டும் எனக்கே இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது. 'நடுச்சிக்கல்' மேலா? இரண்டையும் வரைவில் போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.