எக்ஸ்ரேயில் தெரிந்த வெள்ளை: எலும்பு மாற்றுப் பொருள் ஆய்வுகளில் பட்டதும் பார்த்ததும்

(இது சிலரின் உரையாடல். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

இரட்டைத் தையல்:

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் கீழ்த்தாடையில் பக்கத்துக்கு ஒரு கடைவாய்ப் பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டும் வேர்வரை பிளந்துபோனவை. இம்பிளான்ட் (செயற்கைப் பல்லைத் தாங்கத் தாடையில் பதிக்கும் திருகு) வைக்கும்வரை எலும்பு கரையாமல் இருக்கக் குழியில் ஏதாவது நிரப்ப வேண்டும் என்றார்கள். கூடவே, "இரண்டு பக்கமும் ஒரே பல் என்பதால் எங்கள் ஆய்வுக்கு நீங்கள் சரியாகப் பொருந்துகிறீர்கள்" என்றார்கள். ஒரு பக்கம் மாட்டெலும்புத் துகள், மறுபக்கம் ஆலையில் செய்த கால்சியம் பாஸ்பேட் துகள். எந்தப் பக்கம் எது என்பது மூடிய உறைக்குள் இருக்கும். எனக்குச் சொல்ல மாட்டார்கள். என் வலது தாடைக்கும் இடது தாடைக்கும் பந்தயம் வைத்ததுபோல் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அன்று நினைவில் நின்றது சத்தம்தான். சிறு கிண்ணத்தில் துகளை ஈரமாக்கிக் கிளறினார்கள். நனைந்த மணலைக் கரண்டியால் கிளறுவதுபோல் நறநறவென்று கேட்டது. குழிக்குள் வைத்து அழுத்தியபோது வலிக்கவில்லை, ஆனால் அந்த அழுத்தம் காதுவரை போனது.

நான்காம் மாதம் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலப்பக்கக் குழி பளிச்சென்று வெள்ளை. இடப்பக்கம் மங்கலான சாம்பல். வலது தேறிவிட்டது, இடது தோற்றுவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். மருத்துவர் திரையைப் பார்த்தபடி ஒன்றும் பேசவில்லை. பேசக்கூடாது என்பது விதி என்று பிறகுதான் தெரிந்தது. அந்த வாரம் முழுவதும் இடப்பக்கம் மெல்லவே இல்லை நான்.

இம்பிளான்ட்டுக்குத் துளையிடும்போது, உள்ளே குழலாக இருக்கும் கருவியால் இரண்டு பக்கமும் ஒரு சிறு எலும்புத் தண்டை எடுத்தார்கள். அந்த இடத்தில் எப்படியும் துளை போட்டாக வேண்டும். தூளாகப் போயிருக்க வேண்டிய எலும்பு தண்டாக வந்தது, அவ்வளவுதான். ஒடிந்த பென்சில் முனைபோல் இருந்தது. ஆய்வு முடிந்து உறை திறந்தபோது வலது மாடு, இடது ஆலை. வலப்பக்கத் தண்டில் நான் பார்த்து மகிழ்ந்த வெள்ளையில் பெரும்பகுதி என் எலும்பே இல்லை; போட்ட துகள் போட்டபடியே இருந்தது. புது எலும்பு அதிகம் இருந்தது நான் கைவிட்ட இடப்பக்கத்தில்.

எக்ஸ்ரேயைப் பார்த்து இப்படி ஏமாந்தவர்கள் வேறு யாராவது உண்டா?

கண்ணாடித் தட்டு:

அந்தப் பென்சில் முனைகள் கடைசியில் என்னைப் போன்றவர்களின் மேசைக்குத்தான் வருகின்றன. பதினோரு ஆண்டுகளாக எலும்பைச் சீவிக் கண்ணாடித் தட்டில் ஏற்றுவது என் வேலை. உங்களுடையதைப்போல நூற்றுக்கணக்கான தண்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

எலும்பை அப்படியே மெல்லிதாகச் சீவ முடியாது. ஒன்று, கெட்டியான பிசினுக்குள் பதித்து அறுத்துத் தேய்க்க வேண்டும். அல்லது சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து எடுக்க வேண்டும். கரைக்கும் முறையில் அவசரப்பட்டால் திசு கெட்டுவிடும், அதனால் மென்மையான கரைசலில் வாரக்கணக்கில் ஊறவிடுவோம். ஊறி முடிந்தால் ரப்பர்போல வளையும். முதல்முறை அப்படி வளைத்துப் பார்த்த நாளில் என் விரலை நானே தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

நுண்ணோக்கியின் அடியில், மாட்டுத் துகளையும் மனித எலும்பையும் பிரிப்பது ஆரம்பத்தில் கடினம். இரண்டுமே எலும்பின் கட்டமைப்பு உடையவை. அடையாளம் காட்டிக் கொடுப்பது சிறு பொந்துகள்தான். உயிருள்ள எலும்பின் பொந்து ஒவ்வொன்றிலும் ஒரு செல் குடியிருக்கும், சாயம் ஏற்றினால் அதன் கரு கரும்புள்ளியாகத் தெரியும். மாட்டுத் துகளிலும் அதே பொந்துகள் உண்டு, ஆனால் காலி. புரதம் முழுவதையும் நீக்கிவிட்டுத்தானே அதை உறையில் அடைக்கிறார்கள்! குடித்தனக்காரர்கள் போய்விட்ட வீடுபோல இருக்கும். அந்தக் காலி வீட்டின் சுவரோடு ஒட்டிப் புது எலும்பு வளர்ந்து, பக்கத்துத் துகளுக்குப் பாலம் போட்டிருக்கும். அதைப் பார்ப்பது இன்றும் எனக்குச் சலிக்கவில்லை.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வந்த தண்டு ஒன்றின் மேல்முனை எது, கீழ்முனை எது என்று குறித்துவைக்க மறந்துவிட்டேன். புது எலும்பு குழியின் அடியிலிருந்தும் சுவர்களிலிருந்தும் உள்நோக்கி வளர்கிறது. நடுவும் மேலும் கடைசியில்தான் நிரம்பும். அடிப்பகுதியை மேற்பகுதி என்று அளந்தால் எந்தப் பொருளும் அற்புதமான பொருளாகிவிடும். அந்தத் தண்டைக் கணக்கிலிருந்து நீக்கினார்கள். இப்போது முனையில் மை வைக்காமல் வரும் எதையும் நான் வாங்குவதில்லை.

இரட்டைத் தையல் கேட்டதற்குப் பதில்: வெள்ளை என்பது அடர்த்தி. அடர்த்தி யாருடையது என்று எக்ஸ்ரேக்குத் தெரியாது.

வேர்:

நான் ஆய்வில் சேர்ந்தவள் அல்ல, சேராமல் எழுந்து வந்தவள். என்னிடம் கொடுத்த படிவத்தில் "இயற்கைத் தாதுத் துகள்" என்றும் "கரையும் சவ்வு" என்றும் இருந்தது. ஆறாம் பக்கத்தில். இயற்கை என்றால் எந்த இயற்கை என்று கேட்டேன். ஒருங்கிணைப்பாளர் இரண்டு கதவு தட்டிவிட்டு வந்து சொன்னார்: துகள் மாட்டிலிருந்து, மேலே மூடும் கொலாஜன் சவ்வு பன்றியிலிருந்து.

மாட்டெலும்பைச் சூடாக்கியும் வேதிப்பொருளால் கழுவியும் தாதுவை மட்டும் விட்டுவைக்கிறார்கள், நோய்க்கிருமி பயம் வேண்டாம் என்று பொறுமையாக விளக்கினார். நான் கேட்டது கிருமியைப் பற்றி அல்ல. ஒரு பொருளை என் உடம்பில் வைக்கச் சம்மதமா என்று கேட்பவர், அது எந்த உயிரிலிருந்து வந்தது என்பதை முதல் பக்கத்திலேயே சொல்ல வேண்டாமா? வழிகளோ நான்குதான்: சொந்த எலும்பு, இறந்தவர் தானமாகத் தந்த எலும்பு, விலங்கின் எலும்பு, செயற்கைத் துகள். நான்கையும் நான்கு வரியில் எழுதியிருக்கலாம். நான் ஆய்வுக்கு வெளியே செயற்கைத் துகளைப் போட்டுக்கொண்டேன். சில மாதங்கள் கழித்து அந்தப் படிவத்தின் முதல் பக்கத்தை மாற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு நான் காரணமாக இருந்தால் மகிழ்ச்சி.

பழைய இடுக்கி:

இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பல் பிடுங்குகிறேன். நான்கு ஆய்வுகளில் அறுவை செய்திருக்கிறேன். வேர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. என் படிவங்களிலும் அந்தக் குற்றம் இருந்தது.

இரட்டைத் தையலுக்கு ஒரு திருத்தம். வலது தோற்றது, இடது வென்றது என்று இப்போது தலைகீழாக எழுதிக்கொள்ளாதீர்கள். பல்லைப் பிடித்திருந்த எலும்பில் ஒரு பகுதி பல்லுக்காகவே உயிர்வாழ்வது. பல் போனால் அதுவும் போய்விடும். நிரப்பாமல் விட்ட குழியில் ஓர் ஆண்டுக்குள் தாடையின் அகலத்தில் ஏறக்குறைய பாதி குறைந்துவிடும், அதிலும் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதத்திலேயே. கரையாத மாட்டுத் துகள் அந்த இடத்தை முட்டுக்கொடுத்துத் தாங்குகிறது. பல ஆண்டுகள் கழித்து எடுத்த தண்டுகளிலும் அது அப்படியே இருந்ததைக் கண்டிருக்கிறார்கள். கரையும் துகள் எலும்புக்கு இடம் விட்டுக்கொடுக்கிறது, சிலசமயம் எலும்பு வருமுன்னே விட்டுவிடுகிறது. உங்கள் இடப்பக்கத்தில் தாடையின் அகலம் எவ்வளவு மிஞ்சியது என்று கேளுங்கள்.

எங்கள் ஆய்வுகளின் பலவீனம் வெளியே தெரிவதில்லை. அறுவை செய்பவரிடம் எதையும் மறைக்க முடியாது. மாட்டுத் துகள் இரத்தத்தை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும், செயற்கைத் துகள் சுண்ணாம்புபோல் வெளுத்திருக்கும். கிண்ணத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும். அதனால்தான் பல்லை எடுத்து முடித்த பிறகே உறையைத் திறக்க வேண்டும் என்று விதி. முன்னமே தெரிந்தால், நமக்குப் பிடித்த பொருள் போகப்போகும் பக்கத்தில் கை தானாகவே மெதுவாகப் பல்லை எடுக்கும். வேண்டுமென்று அல்ல. ஒரு நாள் உதவிக்கு வந்த இளைஞர் நேரத்தை மிச்சப்படுத்த உறையை முதலிலேயே திறந்து மேசைமேல் வைத்துவிட்டார். நான் பார்த்தும்விட்டேன். அந்தப் பல்லை எடுக்க வழக்கத்தைவிட ஏழு நிமிடம் கூடுதலாக ஆயிற்று. விதிமீறல் என்று எழுதிக் கொடுத்தேன்.

சொந்த எலும்புக்கு நிகர் இல்லை என்று நாங்கள் படித்தோம், அது உண்மையும்கூட: உயிருள்ள செல்லும் அதில்தான் இருக்கிறது. ஆனால் மோவாயிலிருந்து எலும்பு எடுத்துப் போட்ட நோயாளிகள், போட்ட இடத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். எடுத்த இடத்தைப் பற்றித்தான் புலம்புவார்கள், கீழ் முன்பற்கள் மரத்துக் கிடக்கின்றன என்று. மாற்றுப் பொருளைத் தேடும் ஆசை புதிதல்ல. ஜெர்மன் அறுவை மருத்துவர் டிரீஸ்மான் 1892இல் எலும்புக் குழிகளில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் நிரப்பிப் பார்த்தார். சுண்ணாம்பு நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால் அங்கேயே புது எலும்பு முளைக்கிறது என்று அமெரிக்க எலும்பு மருத்துவர் யூரிஸ்ட் 1965இல் காட்டினார். அதன் வழித்தோன்றலான, எலும்பை முளைக்கவைக்கும் புரதத்துக்கு 2007இல் அமெரிக்காவில் சைனஸ் உயர்த்தலுக்கு (மேல்தாடையின் காற்றறைத் தளத்தை உயர்த்தி எலும்பு வளர்ப்பதற்கு) அனுமதி கிடைத்தது. நானும் அதைப் போட்டிருக்கிறேன். முகம் வீங்கி, ஒருவரை அவர் வீட்டுக் குழந்தையே அடையாளம் காணவில்லை.

ஒரே வாயை வைத்து மாடா ஆலையா என்று முடிவு கட்டாதீர்கள். இருபது முப்பது பேரை வைத்து நாங்கள் கட்டும் முடிவே பலசமயம் ஆடுகிறது.

மூன்றாம் வாரம்:

எல்லோரும் வெற்றி பெற்ற தண்டைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னிடம் எடுக்கத் தண்டே இல்லை.

மூன்றாம் வாரம் ஒரு காலை வாய் கொப்பளித்தபோது வாஷ்பேசினில் வெள்ளை மணிகள் விழுந்தன. நாக்கால் தொட்டால் கரகரவென்றது. முதலில் பல்தான் உடைந்துவிட்டது என்று நினைத்தேன். தையல் பிரிந்து, துகள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்துகொண்டிருந்தது. புகைபிடிக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். எட்டு நாள் தாங்கினேன்.

வெட்கத்தில் அடுத்த இரண்டு பரிசோதனைக்கும் போகவில்லை, தொலைபேசியையும் எடுக்கவில்லை. ஆய்வு ஒருங்கிணைப்பாளர் விடாமல் அழைத்தார். கடைசியில் எடுத்தபோது திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு: "நீங்கள் வராவிட்டால் எங்கள் பொருள் தோற்றது ஒன்று குறைந்துவிடும். வந்து தோற்றதாகவே பதிவாகிவிட்டுப் போங்கள்."

போனேன். குழியைச் சுத்தம் செய்தார்கள், படம் எடுத்தார்கள். எத்தனை சிகரெட் என்று கேட்டார்கள்; ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன். வந்த முடிவுகளில் "ஒருவருக்குத் துகள் வெளியேறியது" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒருவர் நான்தான். என் வீட்டில் யாருக்கும் அது பெருமையாகத் தெரியவில்லை, எனக்குத் தெரிகிறது.

இரட்டைத் தையல்:

பழைய இடுக்கி சொன்னபடி கேட்டேன். இடப்பக்கத்தில் அகலம் வலதைவிட 1 மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமாகவே குறைந்திருக்கிறதாம். இம்பிளான்ட் இரண்டும் உறுதியாக நிற்கின்றன. ஒருங்கிணைப்பாளர் பழைய படத்தையும் சென்ற மாதத்துப் படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வலப்பக்கத்தில் அந்த வெள்ளை மணிகள் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன, எண்ணிவிடலாம்போல. கண்ணாடித் தட்டு சொன்ன காலி வீடுகள் நினைவுக்கு வந்தன. அன்று இரவு கொஞ்ச நேரம் வலப்பக்கம் மட்டும் மென்று பார்த்தேன், பிறகு இடப்பக்கம் மட்டும். வித்தியாசம் தெரியவில்லை.