புதுப்பிப்பு: எடை குறைக்கும் எண்ணமிருந்தால் முகூர்த்த ஜாக்கெட்டுக்கு எந்த அளவு?

திருமணத்திற்குள் எடையைக் குறைக்க எண்ணியிருந்ததால், ஆரி வேலைப்பாடுள்ள (கொக்கி ஊசியால் நூலும் மணியும் வைத்துப் போடும் பூவேலை) பட்டு ஜாக்கெட்டை இப்போதைய அளவில் தைப்பதா, எதிர்பார்க்கும் அளவில் தைப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். திருமணம் நல்லபடியாக முடிந்தது. யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

இப்போதைய அளவிலேயே தைத்து, பக்கத் தையலில் இருபுறமும் ஒன்றரை அங்குலத் துணியை உள்ளே விடும்படி சொன்ன யோசனையே பயன்பட்டது. அளவு வரைந்த துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஜாக்கெட்டாகத் தைப்பதற்கு முன்பே ஆரி வேலையைப் போட்டுவிடுவதால், கழுத்தின் அகலமும் கையின் அமைப்பும் அப்போதே முடிவாகிவிடுகின்றன. பிறகு மாற்றுவதற்கு வேலைப்பாடில்லாத பக்கங்கள்தாம் மிஞ்சுகின்றன. பட்டில் தையலைப் பிரித்தால் ஊசித் துளைகள் தெரியும் என்பதால், சிறிதாகத் தைத்துப் பின்னர் தளர்த்தும் யோசனையை நான் ஏற்கவில்லை.

எதிர்பாராதது கைப்பகுதி. எடை குறைந்தபின் மார்பும் இடுப்பும் எளிதாகப் பிடித்துச் சிறிதாக்கப்பட்டன. கையோ சுற்றிலும் மணி வேலை நிறைந்திருந்ததால், மணியில் பட்டால் இயந்திர ஊசி உடையுமென்று, தையலோரத்து மணிகளைத் தையற்காரர் ஒவ்வொன்றாக எடுத்த பிறகே பிடிக்க முடிந்தது. ஆகவே கையின் அடித்தையலருகே ஓர் அங்குலத்தை வெறுமையாக விடும்படி ஆரி போடுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தோள் சற்று நழுவியதைப் பின்கழுத்து நாடா சரிசெய்தது. கடைசி அளவை, அன்று அணியவிருக்கும் உள்ளாடையோடு பார்ப்பது அவசியம்.

வரவேற்புக்கு எடுத்த லெகங்காவின் பாவாடைக்கு இடுப்பில் நாடா இருந்ததால், அதற்கு இந்தக் கவலையே எழவில்லை.