பெரிய வீட்டுப் பங்காளிகள்: எலிச் சேதி

[காலை 6:10] லெட்சுமணன்: ரெண்டாங்கட்டு (ரெண்டாவது முற்றத்துப் பக்கம்) அரிசி அறை வாசல்ல இன்னிக்கும் ஒரு எலி செத்துக் கிடக்கு. நேத்து ரெண்டு. கண்ணோரம் மூக்கோரம் எல்லாம் ரத்தம்
[6:10] லெட்சுமணன்: 📷 படம்
[6:14] சோலை ஆச்சி: முருகா. வீட்டுச் சாந்தி விசேஷத்துக்குப் பன்னெண்டு நாள்தானே இருக்கு
[6:15] வயிரவன் சிங்கப்பூர்: பிளேக்கா இருக்குமோ
[6:15] சோலை ஆச்சி: உன் வாயில நல்ல வார்த்தையே வராதாடா
[6:17] மீனா: வாட்ச்மேனுக்கும் இருமல்னு அம்மா சொன்னாகளே
[6:18] லெட்சுமணன்: அது பத்து வருஷமா இருக்கு. பீடி
[6:21] தேனு: அண்ணே தொடாதீக, கூட்டாதீக. இதோ எழுதுறேன்
[6:22] வயிரவன் சிங்கப்பூர்: கட்டுரை வருது. எல்லாரும் காப்பி போட்டு வச்சுக்கங்க ☕

[6:40] தேனு: படத்தைப் பெருசாக்கிப் பார்த்தேன். சிவப்பா இருக்கிறதெல்லாம் ரத்தம்னு சொல்ல முடியாது. எலிக்குக் கண்ணுக்குப் பின்னாடி ஒரு சுரப்பி இருக்கு. அதுலேர்ந்து போர்ஃபிரின்னு ஒரு செந்நிறச் சாயம் வரும். நல்லா இருக்கிற எலி அப்பப்ப துடைச்சுக்கும். மூச்சுக்கோளாறு வந்து சோர்ந்துட்டா துடைக்காது, காய்ஞ்சு ரத்தம் மாதிரியே ஒட்டிக்கும். கடையில கள்ள நோட்டு பார்க்கிற ஊதா லைட் இருக்குல்ல, இருட்டாக்கி அடிச்சுப் பாருங்க. சாயம்னா ரோஸ் நிறத்துல மின்னும். நிஜ ரத்தம் மின்னாது, கறுப்பாத் தெரியும். ரெண்டடி தள்ளி நின்னு அடிங்க.

எலி நோயை ஆராயுற நாங்க எலி நுரையீரல்ல அடிக்கடி தேடுறது மைக்கோபிளாஸ்மா புல்மோனிஸ்ங்கிற பாக்டீரியா. எலிக்கு எலி தொத்தும், மனுசருக்கு நோய் தராது. கர்கர்னு மூச்சு விடும், மெலியும். அதுக்குச் செல்சுவரே கிடையாது, அதனால செல்சுவரைத் தாக்குற அமாக்ஸிசிலின் வகையறா மருந்து ஒண்ணும் வேலை செய்யாது. இதுபோக போர்டடெல்லா, கிளெப்சியெல்லா, நிமோகாக்கஸ்னு வேற கிருமியெல்லாம் எலித் தொண்டையில கிடைக்கும். பிளேக் தனிக் கதை, அதைப் பரப்புறது தெள்ளுப்பூச்சி. எலிக்காய்ச்சல் அதுவும் வேற, சிறுநீர் வழியா வர்றது. மூணையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீக

[6:43] சோலை ஆச்சி: சுருக்கமாச் சொல்லு
[6:43] தேனு: பயம் வேண்டாம், கவனம் வேணும்
[6:45] அருணாசலம் சித்தப்பா: யாரும் எலி மருந்து வச்சீங்களா? முதல்ல அதைச் சொல்லுங்க
[6:52] அருணாசலம் சித்தப்பா: யாரும் பேசக் காணோம்
[6:55] லெட்சுமணன்: வயிரவன் அண்ணன் பக்கத்து ஆள் போன வாரம் நீலக் கேக் வச்சான்னு கேள்வி
[6:56] வயிரவன் சிங்கப்பூர்: என் பங்குல வச்சேன். என் பங்கு, என் எலி
[6:57] லெட்சுமணன்: எலிக்குப் பங்கு தெரியுமா
[6:57] மீனா: 😂😂
[7:02] அருணாசலம் சித்தப்பா: நீலக் கேக்னா பெரும்பாலும் ப்ரோமடியோலோன் மாதிரி, ரத்தத்தை உறைய விடாத மருந்து. தின்னு நாலஞ்சு நாள் கழிச்சு உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சு சாகும். மூக்குல வர்றது நிஜ ரத்தமாவும் இருக்கலாம். தேனு சொன்ன லைட் இதுக்குத்தான். இன்னொண்ணு, எலி செத்து உடம்பு சில்லிட்டா தெள்ளு கீழ இறங்கி அடுத்த உடம்பு தேடும். அது நம்ம உடம்பாவும் இருக்கலாம். தெள்ளுக்கு மருந்து அடிக்காம எலியை மொத்தமாக் கொன்னா அங்கதான் வம்பு. பொந்து வாயில பூச்சித்தூள் போட்டு முடிச்சப்புறம்தான் எலி மருந்து. 1994ல குஜராத் சூரத்துல பிளேக் வந்தப்ப லட்சக்கணக்கான பேர் ஊரை விட்டு ஓடினாக
[7:03] சோலை ஆச்சி: அந்த கேக்கை முதல்ல எடுக்கச் சொல்லு வயிரவா
[7:04] வயிரவன் சிங்கப்பூர்: சரி சரி. சமையல்காரருக்கு அட்வான்ஸ் யார் குடுத்தது?
[7:05] கண்ணம்மை: நான் குடுத்தேன். ஐயாயிரம். இன்னும் யாரும் திருப்பித் தரலை
[7:05] வயிரவன் சிங்கப்பூர்: 🙏

[9:30] லெட்சுமணன்: லைட் அடிச்சாச்சு. நேத்துக் கிடந்த ரெண்டும் ரோஸாப்பூ மாதிரி மின்னுது. இன்னிக்குள்ளது மின்னலை
[9:32] தேனு: அப்ப ரெண்டு சாயம், ஒண்ணு மருந்து மாதிரி இருக்கு. சாயத்தை வச்சு எந்தக் கிருமின்னு சொல்ல முடியாது, பயத்துலயும் சுரக்கும். செத்த எலி நுரையீரலும் நம்ம ஊர் வெயில்ல கொஞ்ச நேரத்துல கெட்டுப்போகும். வயித்துக் கிருமியெல்லாம் மேல ஏறிடும், அதை வளர்த்துப் பார்த்தா தப்பான விடைதான் வரும்
[9:33] லெட்சுமணன்: இதை என்ன செய்யட்டும்
[9:36] தேனு: கையுறை ரெண்டு ஜோடி, என்95 மாஸ்க். முதல்ல பூச்சி ஸ்ப்ரே அடிங்க. தெள்ளு செத்தாலும் எண்ணலாம். வெள்ளை கவரை உள்வெளியாத் திருப்பிக் கையில மாட்டி எலியை அள்ளி, அப்படியே திருப்பிக் கட்டுங்க. வெள்ளைனாதான் தெள்ளு கறுப்பாத் தெரியும். ரெண்டாவது கவர் போட்டு தேதி, இடம் எழுதுங்க. "ரெண்டாங்கட்டு"ன்னு மட்டும் எழுதாதீக, எந்த அறை எந்த மூலைன்னு வேணும்
[9:38] அருணாசலம் சித்தப்பா: நகராட்சி சுகாதார ஆய்வாளருக்குச் சொல்லிட்டுத்தான் புதைக்கணும்
[9:41] தேனு: தரைக்கு: கதவு சன்னல் அரை மணி நேரம் திறந்து வச்சிட்டு உள்ள போங்க. ஒரு லிட்டர் தண்ணிக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர். புழுக்கை நனையுற அளவு ஊத்தி பத்து நிமிஷம் விட்டுத் துணியால எடுங்க. காய்ஞ்சு கிடக்கையில விளக்குமாறு போட்டா தூசியோட மூச்சுக்குள்ள போகும். கக்கூஸ் ஆசிட்டோட சேர்த்துடாதீக, விஷவாயு வரும்
[9:42] கண்ணம்மை: ஆத்தங்குடிக் கல்லு வெளுத்துப் போகாதா? பெரியாத்தா கல்லு
[9:43] தேனு: பத்து நிமிஷத்துக்கு மேல விடாம நல்ல தண்ணி ஊத்திக் கழுவிடுங்க
[9:44] கண்ணம்மை: அரிசி அறையில கவுனி அரிசி மூட்டையை விட்டுட்டுப் போனது யாரு. போன கல்யாணத்து மிச்சம்
[9:44] வயிரவன் சிங்கப்பூர்: 😶
[9:45] சோலை ஆச்சி: மூட்டையை எறியச் சொல்லாதீக, அது நம்ம வயல் கவுனி
[9:46] தேனு: ஆச்சி, எலி வாய் வச்சது. எறிஞ்சுதான் ஆகணும்

[11:15] தேனு: வீட்டுல உசிரோட இருக்கிற எலிகிட்ட என்ன இருக்குன்னு தெரியணும்னா கூண்டு வைக்கணும். 20 கூண்டு, 3 ராத்திரி, மொத்தம் 60 பொறி-ராத்திரி. ஒம்பது சிக்கினா பிடிப்பு 15 சதவீதம். எலி இல்லாம மூடிக் கிடக்கிற கூண்டை அரை ராத்திரியாக் கணக்கு வைக்கணும். முதல் ரெண்டு நாள் கதவைக் கட்டித் திறந்தே வச்சு இரை மட்டும் போடுங்க, எலி புதுசைக் கண்டா ஒதுங்கும். ஓட்டு எலிக்கு உத்தரத்து மேல, பெருச்சாளிக்குச் சாக்கடையோரம், சுவரை ஒட்டி வைக்கணும். இரைக்குக் கருவாடு
[11:16] சோலை ஆச்சி: சாந்தி நடக்குற வீட்டுல கருவாடா
[11:16] தேனு: சுட்ட தேங்காய்ச் சில்லு ஆச்சி
[11:17] சோலை ஆச்சி: அது சரி
[11:20] தேனு: காலை ஆறு மணிக்குள்ள கூண்டை எடுத்திடணும், வெயில் ஏறினா உள்ளேயே செத்துப்போகும். மயக்கி, வெள்ளைத் தட்டு மேல பிடிச்சு சீப்பால வாரித் தெள்ளை எண்ணுவோம். எலிக்கு ஒரு தெள்ளு சராசரி வந்தாலே உஷார். அப்புறம் தொண்டையில ஸ்வாப். மரக்குச்சி ஸ்வாப் ஆகாது, பிசிஆரை (கிருமியோட டிஎன்ஏவைத் தேடுற சோதனை) கெடுக்கும், பாலியெஸ்டர்தான். ஸ்வாப் நுனியை வெட்டுற கத்தரிக்கோலை ஸ்பிரிட்ல முக்கினா கிருமி சாகும், டிஎன்ஏ போகாது. பிளீச்ல முக்கி நல்ல தண்ணியில அலசணும். எந்த எலியையும் தொடாத ஒரு வெறும் ஸ்வாப்பையும் கூட அனுப்பணும், அதுலயும் கிருமி வந்தா நம்ம கைதான் அழுக்கு.

பக்கத்து வீட்டுல என்ன இருக்குன்னு இதை வச்சுச் சொல்ல முடியாது. கனடாவுல வான்கூவர்ல எலிக்காய்ச்சல் கிருமியைத் தேடினப்ப ஒரு தெருக்கட்டத்துல சுத்தமா இல்லை, இன்னொண்ணுல பாதி எலிக்கு மேல இருந்துச்சு
[11:21] வயிரவன் சிங்கப்பூர்: கூண்டுக்கு யார் காசு
[11:22] கண்ணம்மை: பங்குக்குத் தக்கபடி
[11:22] லெட்சுமணன்: ஒரு பங்கு நாப்பத்தெட்டுல ஒண்ணு, கணக்குப் போடவே சாந்தி முடிஞ்சிடும்

[மாலை 5:50] லெட்சுமணன்: கடையில ரெண்டு கூண்டுதான் இருந்துச்சு. ஒண்ணை மதியமே வச்சேன், ஏதோ மாட்டியிருக்கு. நீள மூக்கு, கெட்ட நாத்தம்
[5:50] லெட்சுமணன்: 📷 படம்
[5:52] தேனு: அது எலியே இல்லண்ணே, மூஞ்சூறு. வேற இனம். எலிக் கணக்குல சேர்க்காதீக
[5:53] சோலை ஆச்சி: பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு அவர் வாகனத்தைப் பிடிச்சிட்டியா. உடனே விடுடா
[5:54] தேனு: விடலாம். கையுறை போட்டு
[5:55] மீனா: சாந்திக்கு வீட்டு முகப்பு மட்டும் போதாதா? ரெண்டாங்கட்டைப் பூட்டிடலாம்ல
[5:56] அருணாசலம் சித்தப்பா: பந்தி எங்க போடுறது
[5:58] லெட்சுமணன்: ஆய்வாளர் நாளைக்கு வர்றேன்னு சொன்னாக. அதுக்குள்ள மூணாங்கட்டையும் திறந்து பார்க்கணும். சாவி?
[6:05] லெட்சுமணன்: வயிரவண்ணே, சாவி உங்க கொத்துலதானே?
[6:31] வயிரவன் சிங்கப்பூர்: மீட்டிங்ல இருக்கேன்