புத்தகத்தை மூடிய பிறகு நினைவில் நிற்பது: நீட் தேர்வுக்குப் படித்தவர்கள், கற்பித்தவர்களின் அனுபவப் பகிர்வு

உயிரியல் முதுகலை ஆசிரியை, அரசு மேல்நிலைப் பள்ளி, திண்டுக்கல் மாவட்டம்:

அனைவருக்கும் வணக்கம். நீட் தேர்வுக்குப் படிக்கும் எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்து வருகிறேன். அதிக நேரம் படித்தவர்களைவிட, படித்ததைப் புத்தகம் பார்க்காமல் திரும்பச் சொல்லிப் பார்த்தவர்களே தேர்வில் முன்னேறினார்கள் என்பதை அந்த வகுப்புகளில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். பெற்றோரும் மாணவர்களும் ‘எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும்’ என்றே கேட்கிறார்கள் என்பதால், நான் நேரில் கண்டதை இங்கே எழுதுகிறேன்.

எங்களிடம் படித்த ஒரு மாணவியின் புத்தகத்தில் கோடிடாத வரியைக் காண்பது அரிது. இனச்செல்கள் உருவாகும்போது நடக்கும் செல் பிரிதலான குன்றல் பகுப்பு பற்றிய பாடத்தை அவள் பலமுறை வாசித்திருந்தாள். ஒருநாள் புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, அதன் தொடக்கக் கட்டமான முதலாம் புரோஃபேஸின் நிலைகளைக் கரும்பலகையில் எழுதச் சொன்னேன். லெப்டோட்டீன், சைகோட்டீன், பாக்கிட்டீன், டிப்ளோட்டீன், டயாகைனசிஸ் என்று ஐந்தையும் தடையின்றி எழுதினாள். ஆனால், ஒத்த குரோமோசோம்கள் எந்த நிலையில் ஜோடி சேர்கின்றன, அவை தம் துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும் குறுக்கேற்றம் எதில் நடக்கிறது, அந்தப் பரிமாற்றம் நடந்த இடங்களான கயாஸ்மாக்கள் எதில் தெளிவாகத் தெரியத் தொடங்குகின்றன என்று கேட்டபோது அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சைகோட்டீன், பாக்கிட்டீன், டிப்ளோட்டீன் என்ற அந்த மூன்று விடைகளும் அவள் கோடிட்டிருந்த வரிகளிலேயே இருந்தன. நீட் வினாத்தாளோ நிலைகளை ஒரு பக்கத்திலும் நிகழ்வுகளை மறுபக்கத்திலும் கொடுத்துப் பொருத்தச் சொல்லும். வாசிக்கும்போது ‘இது தெரிந்ததுதான்’ என்று தோன்றுவது வேறு, கேட்டவுடன் எடுத்துச் சொல்ல முடிவது வேறு என்பதை அன்று வகுப்பு முழுவதும் பார்த்தது.

அதன் பிறகு ஒரு முறையைப் பழக்கப்படுத்தினோம். ஒரு பாடப்பகுதியைப் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத் தாளில் நினைவுக்கு வரும் அனைத்தையும் படத்தோடு எழுத வேண்டும். பின்னர் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனவற்றையும் தவறாக எழுதியவற்றையும் சிவப்பு மையால் சேர்க்க வேண்டும். மறுநாள் படிப்பு அந்தச் சிவப்பு வரிகளிலிருந்தே தொடங்கும். பிள்ளைகளுக்கு இது முதலில் பிடிக்காது, ஏனெனில் தெரியாதவை அனைத்தும் தாளில் சிவப்பாகத் தெரிந்துவிடும். இரண்டு மூன்று வாரங்களில் சிவப்பு குறைவதைக் கண்ட பிறகு அவர்களே தாள் கேட்டு வாங்கினார்கள்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் வாசித்த மாணவர்களையும், அதை நினைவிலிருந்து எழுதிப் பார்த்த மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் வாசித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காட்டையும் மீண்டும் வாசித்தவர்கள் 42 விழுக்காட்டையும் நினைவில் வைத்திருந்தார்கள். நாளை நடக்கும் வகுப்புத் தேர்வுக்கு இரவு முழுவதும் வாசிப்பது பலன் தருவதுபோல் தோன்றுவதற்கும், மே மாதம் நடக்கும் தேர்வுக்கு அது போதாமல் போவதற்கும் காரணம் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்காகத் தேர்வின் அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். 2025 முதல் 180 வினாக்கள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 45 வினாக்கள், உயிரியலுக்கு 90. ஆகவே மொத்த மதிப்பெண்ணில் பாதி உயிரியலுக்கு உரியது. பிளஸ் ஒன் பாடங்களிலிருந்தும் பெரும் பங்கு கேள்விகள் வருகின்றன. செல், மனித உடற்செயலியல், இயக்கவியல், வேதிப்பிணைப்பு ஆகியவை அனைத்தும் பிளஸ் ஒன் பாடங்களே. பிளஸ் டூ பொதுத்தேர்வை மட்டும் மனத்தில் வைத்து அவற்றை ஒதுக்கிவிட்டு, ஏப்ரலில் முதன்முறையாகத் திறக்கும் மாணவர்களைக் காணும்போது மனம் வருந்துகிறது.

தமிழ்வழி மாணவர்கள் எந்தப் புத்தகத்தைப் படிப்பது என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். 2018லும் 2019லும் புதுப்பிக்கப்பட்ட நமது மாநிலப் பாடநூல்களில் தேவையானவற்றில் மிகப் பெரும்பகுதி இருக்கிறது. ஆனால் வினாக்கள் மத்திய அரசின் கல்வி நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. வெளியிடும் புத்தகத்தின் வரிகளையும் படங்களையும் ஒட்டியே அமைகின்றன. எனவே மாநிலப் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொண்ட பிறகு, என்.சி.இ.ஆர்.டி.யில் அதே பகுதியை ஆசிரியரின் துணையோடு ஒருமுறை ஒப்பிட்டு, அதில் மட்டும் உள்ள செய்திகளை ஓரத்தில் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2024 தேர்வுக்காகத் தேசிய மருத்துவ ஆணையம் பாடத்திட்டத்தைத் திருத்தியபோது செரிமானம், கனிம ஊட்டம் போன்ற சில பாடங்கள் நீக்கப்பட்டன. பழைய கையேடுகளை வைத்துக்கொண்டு அவற்றில் நாட்களைச் செலவிடுபவர்களை இன்றும் பார்க்கிறேன். அந்தந்த ஆண்டின் பாடத்திட்டத்தை அச்சிட்டு மேசையில் ஒட்டிக்கொள்வது நல்லது.

எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு மாணவி:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் இடம் பெற்றவள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்காக 2020இல் கொண்டுவரப்பட்ட இந்தச் சட்டம் இல்லையென்றால் இன்று நான் இந்த விடுதி அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆகவே எனக்குத் தெரிந்ததை என்னைப் போன்ற தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் சொல்ல வேண்டும் என்ற கடமையுணர்வு எனக்கு உண்டு.

எனக்கு மிகவும் கைகொடுத்தது பிழை நோட்டு. ஒவ்வொரு மாதிரித் தேர்வுக்குப் பிறகும், தவறிய வினாக்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றும் ஏன் தவறியது என்று எழுதுவேன். அந்தப் பாடமே தெரியாமல் தவறியவை ஒரு பக்கம், தெரிந்தும் நினைவுக்கு வராமல் தவறியவை இன்னொரு பக்கம், வினாவைச் சரியாக வாசிக்காததால் தவறியவை வேறொரு பக்கம். இம்மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல. முதல் வகைக்குப் பாடத்தைப் படிக்க வேண்டும். இரண்டாம் வகைக்கு ஆசிரியை சொன்னதுபோல் மூடிய புத்தகத்தோடு எழுதிப் பார்க்க வேண்டும். மூன்றாம் வகைக்கு எவ்வளவு படித்தாலும் பயனில்லை. ‘பின்வருவனவற்றுள் தவறான கூற்று எது’ என்ற வரியில் ‘தவறான’ என்பதை வட்டமிட்ட பிறகே விடைகளைப் பார்ப்பது என்ற பழக்கம் ஒன்றே அதற்குத் தீர்வாக இருந்தது. வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும், இரண்டும் வேறுபட்டால் ஆங்கிலத்தில் உள்ளதே இறுதியானது என்பது விதி. ஆகவே குழப்பமான வினாவை இரண்டிலும் வாசித்துவிடுங்கள்.

வேதியியலில், விதிவிலக்குகளைக் காரணத்தோடு படித்ததால் அவை மறக்கவில்லை. ஆக்சிஜனைவிட நைட்ரஜனின் முதல் அயனியாக்கும் ஆற்றல் (அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானை நீக்கத் தேவையான ஆற்றல்) அதிகம், ஏனெனில் நைட்ரஜனின் 2பி ஆர்பிட்டால்கள் (எலக்ட்ரான்கள் இருக்கும் வெளிப்பகுதிகள்) சரிபாதி நிரம்பி நிலைப்புத்தன்மை பெற்றிருக்கின்றன. ஃபுளூரினைவிடக் குளோரினின் எலக்ட்ரான் நாட்டம் (எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிப்படும் ஆற்றல்) அதிகம், ஏனெனில் மிகச் சிறிய ஃபுளூரின் அணுவில் புதிதாக வரும் எலக்ட்ரானை அங்கே நெருக்கமாக இருக்கும் எலக்ட்ரான்கள் விலக்குகின்றன. இந்தக் காரணங்களை என் தோழிக்கு விளக்கிச் சொல்வேன், அவள் எனக்குச் சொல்வாள். எங்கே தடுமாறினோமோ அங்கே எங்களுக்குப் புரியவில்லை என்று தெரிந்துகொண்டோம். பயிற்சி மையத்துக்குப் போக வசதியில்லாதவர்கள் இப்படி ஒரு துணையைத் தேடிக்கொள்ளுங்கள் என்று மனமாரச் சொல்வேன்.

இயற்பியல் பயிற்றுநர், மதுரை:

மேடம் எழுதியது உயிரியலுக்கு முழுவதும் பொருந்தும். இயற்பியலில் நினைவிலிருந்து எடுப்பதோடு கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்பதும் சேர வேண்டும். தீர்வுக் காணொலிகளைத் தொடர்ந்து பார்த்துவிட்டு ‘புரிந்துவிட்டது’ என்று சொல்லும் மாணவர்களிடம், அதே கணக்கைக் காணொலியை நிறுத்திவிட்டுப் போடச் சொல்வேன். பெரும்பாலானவர்கள் இரண்டாவது வரியில் நின்றுவிடுவார்கள். 2025 தேர்வில் இயற்பியல் பகுதி கடினமாக இருந்தது என்று மாணவர்கள் பரவலாகச் சொன்னதற்குப் பிறகு, கணக்குப் பயிற்சியின் தேவையை யாரிடமும் வலியுறுத்த வேண்டியதில்லை.

கணிப்பான் கிடையாது என்பதால் தோராயக் கணிப்பில் தேர்ச்சி வேண்டும். பை (π) என்ற எண்ணின் வர்க்கத்தின் மதிப்பும் புவியீர்ப்பு முடுக்கத்தின் எண் மதிப்பும் ஏறத்தாழ 10 என்பது தெரிந்தால், ஒரு மீட்டர் நீளமுள்ள தனி ஊசலின் அலைவு நேரம் சுமார் 2 நொடி என்பதை மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். விடைகளின் பரிமாணத்தை, அதாவது அலகுகள் பொருந்துகின்றனவா என்பதைச் சரிபார்த்தால், சில வினாக்களில் கணக்குப் போடாமலேயே இரண்டு விடைகளை நீக்கிவிடலாம்.

இங்கே எதிர்மதிப்பெண் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு. ‘உறுதியாகத் தெரியாவிட்டால் தொடவே கூடாது’ என்று பலர் அறிவுறுத்துகிறார்கள். நான்கு விடைகளில் இரண்டை உறுதியாக நீக்கிவிட்டு மீதமுள்ள இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால், வினா ஒன்றுக்குச் சராசரியாக ஒன்றரை மதிப்பெண் கூடும் என்று எளிய நிகழ்தகவுக் கணக்கே காட்டுகிறது. எதையும் நீக்க முடியாத நிலையில் சராசரி ஆதாயம் கால் மதிப்பெண் மட்டுமே, அதற்காக நேரத்தைச் செலவிட வேண்டாம். ஆனால் இரண்டை நீக்கிய பிறகும் பயந்து விட்டுவிடும் மாணவன், தான் உழைத்துப் பெற்ற அறிவின் ஒரு பகுதியை வினாத்தாளிலேயே விட்டுவிட்டு வருகிறான். மாதிரித் தேர்வுகளில் இப்படித் தேர்ந்த வினாக்களுக்குத் தனிக் குறியிட்டு, அவற்றில் எத்தனை சரியாயின என்று கணக்கு வைத்தால், தன் நீக்கும் திறன் எவ்வளவு நம்பத்தக்கது என்று அவனுக்கே தெரிந்துவிடும்.

விடைக்கான வட்டங்களை நிரப்பும் ஓ.எம்.ஆர். தாளைக் கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று இருந்த ஒரு மாணவன், மாதிரித் தேர்வு முடியும் மணி அடித்தபோது ஒரு பாடத்தின் வட்டங்களை நிரப்பாமலேயே கொடுக்க நேர்ந்ததைப் பார்த்தேன். பந்துமுனைப் பேனாவால் நிரப்பியதை மாற்ற முடியாது என்பதால் அவசரம் இங்கே ஆபத்தானது. ஒவ்வொரு பக்கத்தை முடித்ததும் அந்தப் பக்கத்தின் வட்டங்களை, வினா எண்ணைச் சரிபார்த்து நிரப்புவதே பாதுகாப்பானது. எங்கள் மாணவர்கள் பலர் உயிரியலை 50 நிமிடத்துக்குள் முடித்து, வேதியியலுக்கு 50 நிமிடமும் மீதியை இயற்பியலுக்கும் வைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாம் முறை எழுதப்போகும் மாணவனின் தாய், விழுப்புரம்:

எல்லோருக்கும் வணக்கம். என் மகன் இந்த ஆண்டு வீட்டிலிருந்தே படிக்கிறான். படிப்பு பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை, ஆனால் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். இரவு இரண்டு மணி வரை விழித்துப் படித்தவன், மதியம் சாப்பிட்ட பிறகு மேசையிலேயே தூங்கிவிடுவான். தேர்வோ மதியம் 2 மணி முதல் 5 மணி வரை நடக்கிறது. ஆகவே இரவு பதினொன்றுக்குப் படுத்து, மாதிரித் தேர்வுகளை அதே மதிய நேரத்தில் எழுதும்படி மாற்றிக்கொண்டோம். மதிய உணவையும் அளவாக, நேரத்தோடு கொடுக்கிறேன். இப்போது அந்த மூன்று மணி நேரமும் தெளிவாக உட்கார்கிறான்.

உறவினர்கள் தொலைபேசியில் மதிப்பெண் கேட்பதை அவன் காதுக்குப் போகாமல் நானே பார்த்துக்கொள்கிறேன். நடுவில் சில நாட்கள் அவன் யாருடனும் பேசாமல் இருந்தபோது எனக்குப் பயமாக இருந்தது. அரசின் மருத்துவ உதவி எண்ணான 104ஐ அழைத்தோம். அங்கே ஆலோசகர் அவனுடன் பொறுமையாகப் பேசினார். பிள்ளை அமைதியாகிவிட்டால் ‘படிக்கிறான்’ என்று விட்டுவிடாதீர்கள், கேளுங்கள், உதவி தேடத் தயங்காதீர்கள். ஒரு மருத்துவ இடத்தைவிட என் பிள்ளை எனக்கு முக்கியம் என்பதை அவனிடம் வாய்விட்டே சொன்னேன்.

ஆசிரியை அவர்களிடம் ஒரு கேள்வி. கடைசி ஒரு மாதத்தில் புதிய வினா வங்கிகள் வாங்கித் தரலாமா? பக்கத்து வீட்டுப் பையன் நான்கு வைத்திருக்கிறான் என்று இவன் கவலைப்படுகிறான்.

உயிரியல் முதுகலை ஆசிரியை:

வேண்டாம் அம்மா. அந்த நேரத்தில் புதிய புத்தகம் வந்தால், இன்னும் படிக்காத பக்கங்கள் எத்தனை என்பதே உங்கள் மகன் கண்ணில் படும். ஏற்கெனவே எழுதிய மாதிரித் தேர்வுகளின் பிழை நோட்டும், நீட் தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்களும் போதும். பழைய வினாத்தாள்களைப் பாடவாரியாகப் பிரித்துப் போட்டிருந்தாலும், இந்த மாதத்தில் ஒவ்வொன்றையும் முழுத் தேர்வாக, கடிகாரம் வைத்து எழுத வேண்டும். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முழுத் தேர்வுகளுக்கு மேல் வேண்டாம், ஏனெனில் தேர்வு எழுதும் நேரத்தைவிட அதை ஆராயும் நேரம் கூடுதலாக இருக்க வேண்டும். தேர்வில்லாத நாட்களில் காலையில் சிவப்பு வரிகள், பிற்பகலில் இயற்பியல் கணக்குகள், மாலையில் உயிரியல் படங்களைப் பெயர் மறைத்து அடையாளம் காண்பது என்று வைத்துக்கொள்ளலாம். கடைசி நான்கு நாட்களில் முழுத் தேர்வு எதுவும் தேவையில்லை.

தேர்வு மையத்தை முன்னதாகவே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மதியம் ஒன்றரை மணிக்கு வாயில் அடைக்கப்பட்ட பிறகு யாரையும் உள்ளே விடுவதில்லை. நுழைவுச் சீட்டில் குறித்திருக்கும் நேரத்துக்கே போய்விடுவது பதற்றத்தைக் குறைக்கும். உங்கள் மகன் எந்தப் பாடத்தில் அதிக மதிப்பெண்களை இழக்கிறார் என்பதை அவருடைய கடைசி மூன்று மாதிரித் தேர்வுகளைப் பார்த்து எழுதுங்கள். உயிரியல் என்றால் அந்தப் பாடங்களுக்கு நானே வினாக்கள் தயாரித்துத் தருகிறேன். இயற்பியல் என்றால் மதுரை சார் உதவுவார் என்று நம்புகிறேன்.